மழைக்காலத்து மின்கசிவு: முதலில் அளவெடுப்போம்

சுனாபட்டி என்னும் பெயருக்குச் சுண்ணாம்புச் சூளை என்று பொருள். பெயரில் மட்டுமே சூளையின் வெப்பம் இருக்கிறது. நிலமோ தாழ்வானது. பலத்த மழையில் ரயில் நின்றுபோகும் இடங்களைச் செய்தியில் வாசிக்கும்போது குர்லா, சயான் ஆகியவற்றுடன் சுனாபட்டியின் பெயரும் தவறாமல் வந்துவிடும். ரயில் நிற்பது ஊருக்குத் தெரியும். அதே நாள்களில் அங்குள்ள வீடுகளுக்குள் மின்சாரம் நின்றுபோவது அந்தந்த வீட்டாருக்கு மட்டுமே தெரியும். வாசலுக்கு மேலே உள்ள பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காப்புக் கருவி தட்டி விழும். மேலே தூக்கினால் சிறிது நேரம் நிற்கும். நள்ளிரவில் மறுபடியும் விழும்.

மறுநாள் வரும் எலக்ட்ரீஷியன் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைச் சொல்வார். ஒன்று, அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடுவது. ஐந்து நிமிட வேலை. வீட்டில் மீண்டும் விளக்கு எரியும். மற்றொன்று, "வயர் எல்லாம் பழசாகிவிட்டது, முழு வீட்டுக்கும் புதிதாக இழுக்க வேண்டும்" என்று ஒரு பெரிய தொகையைச் சொல்வது. முதல் வழி உயிருக்கு ஆபத்தானது. இரண்டாவது வழி பல வீடுகளில் தேவையே இல்லாத செலவு. இவ்விரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: இரண்டுமே அளவெடுக்காமல் சொல்லப்படுபவை. அளவெடுத்தாலும், அரைகுறையாக எடுத்த அளவை வைத்துச் சொல்லப்படுபவை. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு முதலில் பணம் கொடுக்க வேண்டும், பழுது பார்ப்பதற்கு அதன் பின்னரே கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. வீட்டுச் சீரமைப்புக்காகக் கடன் வாங்க எண்ணுவோருக்கு இது இன்னும் பொருந்தும்.

அளக்கப்படுவது எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். செம்புக் கம்பியைச் சுற்றியுள்ள பி.வி.சி. உறையின் வேலை, மின்சாரத்தைக் கம்பிக்குள்ளேயே வைத்திருப்பது. அந்த உறை மின்சாரத்தை வெளியே விடாமல் எவ்வளவு தடுக்கிறது என்பதே மின்காப்புத் தடை. அதை அளக்கும் கருவியை நம் ஊரில் எல்லோரும் மெக்கர் என்றே அழைக்கிறார்கள். அது உண்மையில் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். நாளடைவில் பொதுப் பெயராகிவிட்டது. வீட்டு வயரிங்கில் அது 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தைச் செலுத்தி, கசியும் மின்சாரத்தைக் கொண்டு தடையைக் காட்டும். எலக்ட்ரீஷியன் சட்டைப்பையில் வைத்திருக்கும் மல்டிமீட்டர் இந்த வேலையைச் செய்யாது. அது ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்குவது. ஒன்பது வோல்ட்டுக்குப் பணியாத ஈரமும் விரிசலும் ஐந்நூறு வோல்ட்டில்தான் தம்மைக் காட்டிக்கொள்ளும். "மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை" என்று ஒருவர் சொன்னால், எந்த மீட்டர் என்று கேட்பதில் தவறில்லை.

நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் மின்சார விதிகள் முதற்கொண்டு பழகிவந்த எண், குறைந்தது 1 மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம். 230 வோல்ட் வீட்டில் இத்தகைய தடை வழியே கசியும் மின்சாரம் கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவு. கசிவுக் காப்புக் கருவியோ பொதுவாக வீடுகளில் 30 மில்லி ஆம்பியருக்கானது. நடைமுறையில் 15க்கும் 30க்கும் இடையே எங்கோ தட்டி விழும். கணக்குப் போட்டுப் பார்த்தால், தடை ஏறத்தாழ 15,000 ஓம் முதல் 8,000 ஓம் வரை இறங்கிய பிறகுதான் அக்கருவி விழித்துக்கொள்கிறது. பத்து லட்சத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை ஒரு நீண்ட சரிவு இருக்கிறது. அந்தச் சரிவு முழுவதிலும் கருவி வாய் திறப்பதில்லை, எம்.சி.பி. வாய் திறப்பதில்லை, மாதாந்திர மின்கட்டணச் சீட்டும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த இடைவெளியில் வீட்டின் நிலையைச் சொல்லக்கூடியது மெக்கர் ஒன்றுதான். ஆகவே கருவி தட்டி விழுகிறது என்றால் நோய் தொடங்கிவிட்டது என்று பொருள் கொள்வது போதாது. நோய் முற்றிவிட்டது என்று கொள்வதே சரி. அந்த நிலையில் கருவியைக் கழற்றச் சொல்பவரை வீட்டுக்குள் விடலாமா என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்துகொள்ளட்டும். நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்போர் எண்ணிக்கை அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியே இருக்கிறது.

இப்போது அந்த இரண்டாவது வழிக்கு வருவோம். முழு வீட்டுக்கும் வயர் மாற்ற வேண்டும் என்னும் தீர்ப்பு எப்படிப் பிறக்கிறது? அதைச் சொல்லும் எலக்ட்ரீஷியன் எப்போதும் ஏமாற்றுகிறார் என்று நான் எண்ணவில்லை. பல வேளைகளில் அவர் அளந்த முறைதான் அவரை ஏமாற்றுகிறது.

எடுத்துக்காட்டாக, இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீட்டில் நான்கு சர்க்யூட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். விளக்கும் மின்விசிறியும் ஒன்று, அறைகளின் பிளக்குகள் ஒன்று, ஏ.சி. ஒன்று, சமையலறையும் கீசரும் சேர்ந்து ஒன்று. மெயினை நிறுத்திவிட்டு மொத்த வீட்டையும் சேர்த்து எர்த்துடன் அளக்கிறார்கள். மெக்கர் 0.38 மெகா ஓம் காட்டுகிறது. பிறகு எம்.சி.பி.க்களை எல்லாம் கீழே தள்ளிவிட்டு, ஒவ்வொரு சர்க்யூட்டாக ஃபேசையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து அளக்கிறார்கள். விளக்கு: 0.38. பிளக்கு: 0.38. ஏ.சி.: 0.38. சமையலறை: 0.38. நான்கும் மோசம், ஆகவே நான்கையும் மாற்ற வேண்டும் என்ற முடிவு வந்துவிடுகிறது.

பிழை இங்கேதான் இருக்கிறது. சாதாரண ஒற்றை எம்.சி.பி.யைத் தள்ளினால் ஃபேஸ் மட்டுமே பிரியும். எல்லாச் சர்க்யூட்டுகளின் நியூட்ரல் கம்பிகளும் பெட்டிக்குள் இருக்கும் பித்தளைக் கட்டையில் ஒன்றாகவே கிடக்கின்றன. எந்தச் சர்க்யூட்டை அளந்தாலும் நியூட்ரல் வழியாக மற்ற மூன்றும் சேர்ந்தே அளவில் வந்துவிடுகின்றன. ஒரே எண்ணை நான்கு முறை அளந்துவிட்டு நான்கு பழுதுகள் என்று எண்ணிக்கொள்கிறோம். நியூட்ரல் கம்பிகளையும் கட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தால், அந்த வீட்டின் உண்மை வேறுவிதமாக இருக்கலாம். விளக்கு 20, பிளக்கு 12, ஏ.சி. 50, சமையலறை 0.4. மூன்று சர்க்யூட்டுகள் நன்றாக உள்ளன. ஒன்றே ஒன்று கெட்டிருக்கிறது. பக்கவாட்டில் இணைந்த தடைகளின் மொத்தம், அவற்றுள் மிகச் சிறியதைவிடவும் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். 0.4 உடன் மற்ற மூன்றும் சேர்ந்து 0.38 ஆனது.

இதே கணக்கு மறுபக்கத்திலும் வேலை செய்யும். பெரிய வீடு ஒன்றில் பத்து சர்க்யூட்டுகள் இருந்து, ஒவ்வொன்றும் 6 மெகா ஓம் என்று நல்ல நிலையில் இருந்தால், மொத்தமாக அளக்கும்போது 0.6 மட்டுமே காட்டும். அங்கே பழுது என்று எதுவுமில்லை. இதை உணர்ந்துதான் நம் நாட்டு வயரிங் நெறிமுறை நெடுங்காலமாக ஒரு வாய்பாட்டை வைத்திருந்தது. 50ஐ மின்புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் மெகா ஓம் அளவு இருந்தால் போதும். ஆயினும் முழு வீட்டுக்கும் 1 மெகா ஓமுக்கு மேல் கேட்க வேண்டியதில்லை. எண்பது புள்ளிகள் உள்ள வீட்டுக்கு 0.6 மெகா ஓமைச் சற்றே தாண்டினால் ஏற்கத்தக்கது. ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டை நல்லது, கெட்டது என்று பிரிக்க முடியாது. அந்த எண் எத்தனை கம்பிகளுக்குச் சேர்த்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

கெட்டது சமையலறைச் சர்க்யூட் என்று தெரிந்துவிட்டது. அதற்காக உடனே சுவரை உடைக்க வேண்டுமா? பொறுக்கலாம். அதில் மாட்டியிருக்கும் பொருள்களை முதலில் விலக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவரில் உள்ள சுவிட்சும் ஃபேசை மட்டுமே பிரிக்கிறது. கீசரின் நியூட்ரல் இன்னும் இணைந்தே இருக்கும். பிளக்கைப் பிடுங்க வேண்டும். நேரடியாக இணைத்த கீசரானால் முனைகளைக் கழற்ற வேண்டும். மழைக்கால மும்பையில் மிகுதியாகக் குற்றவாளியாக வெளிப்படுவது கீசரின் எலிமென்ட்தான். அதன் உலோகக் குழலுக்குள் அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கோடையில் பயன்படுத்தாமல் விட்ட கீசரை ஜூலையில் போட்டதும் கருவி தட்டி விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கீசரைக் கழற்றியதும் 0.4 என்பது 30 என்று ஏறினால், வீட்டின் வயரிங்குக்கும் இந்தக் கசிவுக்கும் தொடர்பில்லை. எலிமென்ட் மாற்றுவது சில நூறு ரூபாயில் முடியும் வேலை.

பொருள்கள் எல்லாம் விலகிய பின்னும் எண் ஏறவில்லை என்றால் கம்பியைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேட வேண்டும். நடுவில் உள்ள ஒரு சுவிட்ச் போர்டில் இணைப்பைப் பிரித்து, எந்தப் பாதி கெட்டது என்று பார்த்து, அந்தப் பாதியை மறுபடியும் இரண்டாக்க வேண்டும். எட்டுப் போர்டுகள் இருந்தாலும் மூன்று முறை பிரித்தால் இடம் அகப்பட்டுவிடும். பொறுமையுள்ள வயர்மேனுக்கு அரை நாள் வேலை இது. இந்த அரை நாளுக்குக் கூலி கொடுக்க நாம் தயங்குகிறோம் என்பதுதான் உண்மை. கண்ணுக்குத் தெரியும் புதிய வயருக்குப் பணம் கொடுக்கும் கை, தேடுவதற்குக் கொடுக்க வருவதில்லை. அதனால் அவரும் தேடுவதில்லை.

மெக்கர் காட்டும் எண்ணின் நடத்தையும் செய்தி சொல்லும். கிட்டத்தட்டச் சுழியில் ஊசி அசையாமல் நின்றால், கம்பி எங்கோ உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். சாமி படத்துக்கு அடித்த ஆணி, தண்ணீர் சுத்திகரிப்பானுக்குப் போட்ட டிரில் துளை, இரும்புப் பெட்டியின் விளிம்பில் நசுங்கிய கம்பி ஆகியவற்றுள் ஏதாவது ஒன்றாக இருக்கும். ஊசி நிலையில்லாமல் ஏறி இறங்கித் தத்தளித்தால் ஈரத்தைச் சந்தேகிக்க வேண்டும். மேல்வீட்டுக் குளியலறையின் கசிவு கான்ட்யூட் குழாய் வழியே இறங்கி, நம் வீட்டு மின்விசிறிக் கொக்கியருகே சொட்டுவது மும்பையில் புதிதல்ல. இந்தப் பழுதுக்கு வயர்மேனைவிடக் கொத்தனாரும் மேல்வீட்டாரும்தான் தேவை. வயரை மாற்றினால் அடுத்த மழைக்குப் புதிய வயர் நனையும், அவ்வளவே. சுவிட்ச் போர்டுக்குள் கரப்பான்பூச்சியும் எறும்புப் புற்றும் ஈரத்தைத் தாங்கிக்கொண்டு கசிவுக்குப் பாலம் போடுவதும் உண்டு. தூரிகையால் துடைத்து உலர வைத்தால் எண் ஏறும்.

நியூட்ரலையும் எர்த்தையும் தனியே அளக்கும்போது மட்டும் சுழி வருமானால், அது வேறு கதை. எர்த் கம்பி வராத பழைய வீட்டில் மூன்று துளைப் பிளக்கைப் பொருத்தியவர், நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எர்த் முனைக்கு இழுத்து முடிச்சுப் போட்டிருப்பார். தாராவியிலும் செம்பூரிலும் எத்தனையோ வீடுகளில் இத்தகைய முடிச்சுகள் உள்ளன. எங்காவது நியூட்ரல் அறுந்துபோனால், குளிர்பதனப் பெட்டியின் உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். கசிவுக் காப்புக் கருவியைப் புதிதாகப் பொருத்தியதும் அது நிற்கவே மறுக்கும். "கருவி கெட்டது" என்று கடையில் திருப்பிக் கொடுப்பார்கள். உண்மையில் அந்த வீட்டில் சரியாக வேலை செய்த ஒரே பொருள் அந்தக் கருவிதான்.

மெக்கர் நல்ல எண்ணைக் காட்டியும் கருவி தட்டி விழும் வீடுகளும் உள்ளன. கணினி, தொலைக்காட்சி, வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏ.சி. ஆகியவற்றின் உள்ளே எர்த்துக்கு இணைத்த சிறு கெபாசிட்டர்கள் வழியே எப்போதும் சிறிது மின்சாரம் ஒழுகும். மெக்கரின் நேர்மின்னழுத்தத்துக்கு அது தெரியாது. பத்துப் பொருள்களின் ஒழுக்கு சேர்ந்து எல்லையைத் தொட்டுவிடும். வீட்டை இரண்டு கருவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதே இதற்கு மருந்து. வயரிங்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

வயர் முழுவதையும் மாற்றியே தீர வேண்டிய வீடுகள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில், மரப்பட்டைக்குள் ஓடும் ரப்பர் உறைக் கம்பிகள் இன்னும் எங்காவது எஞ்சியிருந்தால், அவற்றை வளைத்துப் பார்த்தாலே உறை பொடிந்து கொட்டும். நியூட்ரலைப் பிரித்து அளந்தும் எல்லாச் சர்க்யூட்டுகளும் குறைவாகவே காட்டினால் அங்கே வாதத்துக்கு இடமில்லை. நான்கில் மூன்று கெட்டு, வீட்டுக்கு வண்ணம் பூசவும் நாள் வந்துவிட்டது என்றால் நான்காவதையும் சேர்த்து மாற்றுவது சிக்கனமே. அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு இந்த முடிவுக்கு வருவதற்கும், ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி வருவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

வெள்ளம் புகுந்த வீடுகளைத் தனியே சொல்ல வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. தாழ்ந்த பகுதிகளின் தரைத்தள வீடுகளில் பிளக்குகள் சாக்கடை கலந்த நீரில் மூழ்கின. இத்தகைய வீடுகளில் நீர் வடிந்ததும் அளந்தால் எண் சுழியருகேதான் இருக்கும்; அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. பத்து நாள் உலர்ந்த பின் எண் ஏறிவிடும். அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. சாக்கடை நீர் விட்டுச்சென்ற உப்பு பிளக்கின் உள்ளே படிந்திருக்கிறது. அடுத்த ஜூனில் காற்றின் ஈரத்தை அது தானே இழுத்துக்கொள்ளும். நனைந்த பிளக், சுவிட்ச், எம்.சி.பி., கசிவுக் காப்புக் கருவி ஆகியவற்றை மாற்றிவிட வேண்டும். குழாய்க்குள் இருக்கும் வயரை உருவிப் பார்த்து, உறை நன்றாக இருந்தால் குழாயை உலர்த்திவிட்டு அதையே திரும்பச் செலுத்தலாம்.

இந்தச் சோதனையை வீட்டார் தாமே செய்யக் கூடாது. 500 வோல்ட் கையைத் தாக்கும். கழற்றாமல் விட்ட எல்.இ.டி. விளக்கும் மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் பழுதாகலாம். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் வேலை செய்யும் வயர்மேனை அழைக்க வேண்டும். மீட்டர் வரை உள்ள கம்பி மின்வழங்கு நிறுவனத்தின் பொறுப்பு. அது மாட்டுங்காவிலும் தாராவியிலும் பெஸ்ட். சயானைத் தாண்டிய சுனாபட்டியிலும் செம்பூரிலும் தனியார் நிறுவனங்கள். மீட்டருக்குப் பிறகு வரும் ஒவ்வொரு அங்குலமும் நம் பொறுப்பு.

பணம் பற்றி ஒரு சொல். சீரமைப்புக் கடனுக்கு மதிப்பீடு வாங்கும்போது, சோதனைக் கூலியைத் தனி வரியாக எழுதித் தரச் சொல்லலாம். இயன்றால் சோதிப்பவர் ஒருவராகவும் வேலை செய்பவர் வேறொருவராகவும் இருக்கட்டும். புதிய வயரை விற்பவரே பழைய வயருக்கு நீதிபதியாக இருப்பது அவருக்கும் தர்மசங்கடம். அளவுத்தாளில் தேதி, எந்தச் சர்க்யூட், ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு, நியூட்ரல் கட்டையிலிருந்து கழற்றப்பட்டதா, அன்று மழையா வெயிலா என்பன இருக்க வேண்டும். அந்தத் தாளை மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்தால், இரண்டு ஆண்டுகள் கழித்து 50 என்பது 8 ஆக இறங்கியிருப்பது கண்ணில் படும். 8 என்பது தேறிய எண்தான். ஆனால் இறங்கிவரும் எண்.

பழைய பிளாட்டை வாங்குவோர் பத்திரத்தையும் வில்லங்கத்தையும் சங்கத்தின் தடையின்மைச் சான்றையும் பார்க்கிறார்கள். வங்கியின் மதிப்பீட்டாளரும் பொதுவாகக் கட்டடத்தையும் பரப்பளவையும் பார்ப்பார். சுவருக்குள் ஓடும் கம்பி யார் கண்ணிலும் படுவதில்லை. முன்பணம் கொடுக்கும் முன்னர் ஒரு நாள் சோதனைக்கு அனுமதி கேட்பது நியாயமான கோரிக்கை. மறுத்தால், விலை பேசும்போது அதையும் கணக்கில் கொள்ளலாம்.

சால்களில் இருப்போருக்கு இது தனி ஒருவரால் முடிகிற காரியம் அன்று. படிக்கட்டின் கீழுள்ள மீட்டர் அறையிலிருந்து இருபது வீடுகளின் கம்பிகள் ஒரே கற்றையாக மேலேறுகின்றன. ஒரு வீட்டின் கசிவு அடுத்த வீட்டின் இரும்புக் கைப்பிடியில் தட்டும். ஒரு வயர்மேனை இரண்டு நாள் அமர்த்தி இருபது வீடுகளையும் அளந்தால் வீட்டுக்கு ஆகும் செலவு சிறியது. ஏப்ரலில், சுவர்கள் உலர்ந்திருக்கும்போது ஒரு முறையும், ஜூலையின் நடுவில் ஒரு முறையும் அளந்தால் மழை எந்த வீட்டில் எவ்வளவு புகுந்தது என்பது எண்களிலேயே தெரிந்துவிடும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், முகப்புக்கு எந்த வண்ணம் பூசுவது என்ற பொருளுக்கு முன்னதாக இதை எடுத்துக்கொள்ளலாம்.